கிளிப் அடிக்கடி கழன்றால் காசு யார் கொடுப்பது?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. பல்லுக்கு கிளிப் போட்டு நான்கு மாதம்தான் ஆகிறது. அதற்குள் கீழ்வரிசையில் ஒரே பல்லில் மூன்று முறை பிராக்கெட் (கம்பியைப் பிடிக்க பல்லில் ஒட்டும் சிறு துண்டு) கழன்றுவிட்டது. திரும்ப ஒட்ட ஒவ்வொரு தடவையும் 500 ரூபாய் வாங்குகிறார்கள். கேட்டால், "பொண்ணு முறுக்கு கடிச்சிருப்பா" என்கிறார்கள். மட்டமான பசையைப் போட்டு ஏமாற்றுகிறார்களா?
— ஒரு தாய், தருமபுரி மாவட்டம்

பதில்: பசை மட்டமாக இருந்தால் பல பற்களில் கழன்றிருக்கும். ஒரே பல்லில் திரும்பத் திரும்பக் கழல்கிறது என்றால், அந்தப் பல்லில் ஏதோ இருக்கிறது. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

பிராக்கெட் எப்படி ஒட்டுகிறது என்று தெரிந்தால் கேட்பது எளிது. பல்லைச் சுத்தம் செய்து, 37 சதவீத பாஸ்பாரிக் அமில ஜெல்லை 15 முதல் 30 விநாடி வைத்து, கழுவி, காற்றடித்து உலர்த்துவார்கள். 1955-ல் அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவோனகோர் தொடங்கிவைத்த முறை இது. அமிலம் பட்ட இடம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுக்கும். பல்லின் கடினமான மேலுறையான எனாமலில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் விழுந்திருக்கும். ரெசின் எனும் பசை அவற்றுக்குள் இறங்கி, நீல ஒளி பட்டு இறுகுவதுதான் பிடிப்பு. உலர்த்திய பல்லில் எச்சில் பட்டுவிட்டால் அந்தப் பிடிப்பு போய்விடும். கீழ்ப் பற்களில், அதுவும் பின்பக்கம் போகப்போக, எச்சிலைத் தடுப்பது கஷ்டம்.

அடுத்த முறை கழன்றால் பிராக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். வெளிச்சத்தில் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். பசை முழுக்க பிராக்கெட்டோடு வந்து பல் சுத்தமாக இருந்தால், எனாமலில் பிடிக்கவில்லை என்று பொருள். ஈரம் பட்டிருக்கலாம், அமிலம் சரியாக வேலை செய்யாமல் இருந்திருக்கலாம். இதை முறுக்கின் மேல் மட்டும் போட முடியாது. பசை பல்லிலேயே நின்று, பிராக்கெட்டின் சிறு வலைப்பின்னல் வெறுமையாகத் தெரிந்தால், பெரும்பாலும் ஒளி போதாமல் போயிருக்கும், அல்லது கடியின் வேகம் தாங்காமல் பிரிந்திருக்கும். பிராக்கெட்டையும் பல்லையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

உங்கள் மாவட்டத்துக்கென்று ஒரு காரணமும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதி நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். சிறுவயதில் அந்தத் தண்ணீர் குடித்த பிள்ளைகளின் எனாமல் அமிலத்துக்கு எளிதில் மசியாது. மகளின் பல்லில் வெள்ளைத் திட்டோ பழுப்புக் கறையோ இருக்கிறதா? இருந்தால், அமிலத்தைக் கூடுதல் நேரம் வைப்பது, மேற்பரப்பை லேசாகத் தேய்த்துவிட்டு ஒட்டுவது போன்ற வழிகள் டாக்டருக்குத் தெரியும். கறை இல்லையென்றால், மேல்பல் கீழ் பிராக்கெட்டில் இடிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இடித்தால் கடைவாய்ப் பல்லில் கொஞ்சம் சிமெண்ட் வைத்துக் கடியை உயர்த்துவார்கள்.

முறுக்கு, கரும்பு, கடலை மிட்டாய், எலும்பு கடிப்பது எல்லாம் கழற்றும் என்பதும் நிஜம்தான். மகளிடம் கோபப்படாமல் கேளுங்கள். வீட்டில் ஃபெவிக்விக் போட்டு ஒட்டும் எண்ணம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

சரி, காசு விஷயம். கழன்றால் தனிக் கட்டணம் என்று சிகிச்சை தொடங்கும்போதே எழுதிக் கொடுத்தார்களா? கொடுத்திருந்தால் அதுதான் கணக்கு. வாயால்கூடச் சொல்லவில்லை என்றால், கொடுத்த தொகைக்கு ரசீது கேளுங்கள், காரணத்தைச் சிகிச்சைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடியும். பணம் வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. முதலில் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்த இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை.

கேள்வி: கல்யாணத்துக்கு முன் பல்லைச் சீராக்க செராமிக் கிளிப் போடப் போகிறேன். முதலில் பல்லை வெளுக்க வைத்துவிட்டு, அடுத்த வாரமே கிளிப் ஒட்டலாமா?

பதில்: வேண்டாம். வெளுக்கப் பயன்படும் பெராக்சைடின் ஆக்சிஜன் எனாமலில் தங்கி, ரெசின் இறுகுவதைக் கெடுக்கும். குறைந்தது இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும். ஆனால் கிளிப்பைக் கழற்றிய பிறகு வெளுப்பதே நல்லது, நிறம் ஒரே சீராக வரும். செராமிக் எனாமலைவிடக் கடினம். மேல்பல் அதில் உரசினால் தேய்ந்துவிடும். உங்கள் கடி ஆழமானது (மேல்பல் கீழ்ப்பல்லை அதிகம் மூடுகிறது) என்றால் செராமிக்கை மேல்வரிசைக்கு மட்டும் போட்டு, கீழே உலோக பிராக்கெட் போதுமா என்று டாக்டரைக் கேளுங்கள். செலவும் குறையும்.