வில்லிவாக்கத்து நீர்மோர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் தாத்தா, அப்பாவின் அப்பா, போன வருடம் 93 வயதில் காலமானார். 1955-இல் பெரம்பூர் ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராகச் சேர்ந்து 1989-இல் ஓய்வு பெற்றார். ஐந்து பிள்ளைகள். முதலில் குவார்ட்டர்ஸ், 1978-இல் வில்லிவாக்கத்தில் சொந்த வீடு. பாட்டி 2011-இல் போய்விட்டார். தாத்தா கடைசிவரை தன் வேட்டியைத் தானே துவைத்துக்கொண்டார். பெருமாள் பக்தர். வேலையில் இருந்த நாளிலும் சரி, பிறகும் சரி, தாமோதரப் பெருமாள் கோவிலுக்குப் போகாத சனிக்கிழமை இல்லை. புரட்டாசியில் திருப்பதிக் குடை எங்கள் பக்கம் வரும்போது நீர்மோர் கொடுப்பார். 1987-இல் தொடங்கியது, ஒரு வருடமும் விட்டதில்லை.

வருஷ திதிக்கு ஒரு நினைவு மலர் போடலாம் என்று பெரியப்பா சொல்ல, எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. இரண்டு பக்கம் எழுதினேன். ‘கடின உழைப்பாளி, பக்திமான், குடும்பத்தைக் கட்டிக்காத்தவர்.’ வாசித்துப் பார்த்தால் எந்தத் தாத்தாவுக்கும் பொருந்துகிறது. 1981-இல் சின்ன அத்தை வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டதால் தாத்தா ஆறு வருடம் அவரோடு பேசவில்லை. அதை மலரில் போடவேண்டாம் என்று பெரியப்பா சொல்லிவிட்டார், எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. மற்றபடி பெரிய நிகழ்ச்சி எதுவும் இல்லாத, நிறைவான வாழ்க்கை. நான் பிறந்தது 1990-இல். இப்படி ஒருவரைப் பற்றி எப்படி எழுதுவது?

(பெயர் வேண்டாம்)
சென்னை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தாத்தா 34 வருடம் வேலை பார்த்திருக்கிறார், 35 வருடம் ஓய்வூதியம் வாங்கியிருக்கிறார். நீங்கள் பிறந்தபோது அவர் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. நீங்கள் பார்த்ததெல்லாம் அந்த இரண்டாவது பாதியை மட்டும்தான். அதில் கோபம் தணிந்துவிட்டது, கடன் அடைந்துவிட்டது, பிள்ளைகள் கரையேறிவிட்டார்கள். அந்தப் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு யார் எழுதினாலும் ‘நிறைவான வாழ்க்கை’ என்றுதான் வரும். மலருக்கு நீங்கள் தேடவேண்டியவர் முப்பது, நாற்பது வயதில் இருந்த ஆள். அவரை நீங்கள் இன்னும் சந்திக்கவில்லை.

முதலில் அவர் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஐ.சி.எஃப்-இல் வெல்டர்’ என்று நாலு சொல்லில் தாண்டிவிட்டீர்கள். 1955 அக்டோபர் 2-ஆம் தேதி நேரு வந்து திறந்துவைத்த தொழிற்சாலை அது. உங்கள் தாத்தா சேர்ந்தது அதே வருடம். அதற்கு முன் நம் ஊரில் ஓடிய பெட்டிகள் பெரும்பாலும் கீழே இரும்புச் சட்டம், மேலே மரத்தாலான உடல் என்று இருந்தவை. விபத்து நடந்தால் ஒரு பெட்டி இன்னொன்றுக்குள் புகுந்துவிடும், மரம் நொறுங்கிச் சிதறும், தீப்பிடிக்கும். சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்திடமிருந்து வாங்கிய தொழில்நுட்பத்தில் தளம், பக்கச் சுவர், கூரை எல்லாவற்றையும் எஃகில் செய்து, ஒன்றோடொன்று வெல்டிங் வைத்து, ஒரே உடலாக ஆக்கினார்கள். மோதினால் பெட்டியின் முனைப்பகுதி நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும், நடுவில் உட்கார்ந்திருப்பவர் பிழைக்க வழி உண்டு. தொடக்கத்தில் ஆண்டுக்கு 350 ஷெல்கள், அதாவது உள்ளே எதுவும் பொருத்தாத வெற்றுப் பெட்டிகள், என்பதுதான் இலக்கு. இருக்கையும் விளக்கும் மின்விசிறியும் பொருத்துகிற ஃபர்னிஷிங் பிரிவு அங்கே 1962-இல்தான் வந்தது. அதாவது முதல் ஏழு வருடம் அந்தத் தொழிற்சாலை செய்தது ஷெல் மட்டுமே. ஷெல்லில் வெல்டிங்தான் வேலையின் உயிர். உங்கள் தாத்தா வைத்த இணைப்பு உறுதியாக இருந்ததால் உயிரோடு வீடு திரும்பிய யாரோ ஒருவர் எங்கோ இருந்திருப்பார். அவருக்கு உங்கள் தாத்தாவைத் தெரியாது. இதை எழுதாமல் ‘கடின உழைப்பாளி’ என்று எழுதினால் அந்த உழைப்புக்கு மரியாதை இல்லை.

நியூ ஆவடி சாலையில் ரயில் அருங்காட்சியகம் 2002-இலிருந்து இருக்கிறது. உங்கள் வீட்டுப் பக்கம்தான். ஒருநாள் போய் ஒரு பழைய பெட்டியின் பக்கவாட்டில் கையை வைத்துப் பாருங்கள். அந்த வகைப் பெட்டிகளின் கடைசி ஒன்று 2018 ஜனவரியில் தொழிற்சாலையை விட்டு வெளியே போனது. அப்போது தாத்தா இருந்தார். செய்தி அவருக்குத் தெரியுமா, தெரிந்து ஏதாவது சொன்னாரா என்று வீட்டில் கேளுங்கள்.

வெல்டிங் வெளிச்சம் நேராகக் கண்ணில் அடித்துவிட்டால் அன்று ராத்திரி கண்ணில் மணலைக் கொட்டியது போல உறுத்தும், தூக்கம் வராது. அப்படிப்பட்ட ராத்திரிகளில் அவருக்கு யார் ஈரத்துணி நனைத்துக் கொடுத்தார்கள்? பாட்டிதான் கொடுத்திருப்பார். பாட்டிக்கு உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரி கொடுத்திருக்கிறீர்கள், அதுவும் இறந்த வருடம். ஷிப்ட் வேலைக்காரர் வீட்டில் அடுப்பு பற்றவைக்கும் நேரம், குழந்தைகள் சத்தம் போடாமல் இருக்கவேண்டிய நேரம், சாப்பாட்டுக் கேரியர் கட்டும் நேரம் எல்லாமே தொழிற்சாலைச் சங்கின்படிதான். அந்த 34 வருடத்தை அவரும் சேர்ந்தே உழைத்திருக்கிறார். மலரில் அவருக்குப் பாதி இடம் கொடுங்கள்.

அடுத்து 1974. மே 8-இல் தொடங்கி 27 வரை நாடு முழுவதும் ரயில்வே வேலைநிறுத்தம் நடந்தது. பதினேழு லட்சம் பேர் கலந்துகொண்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆயிரக்கணக்கானவர்களைக் கைது செய்தார்கள், வேலையை விட்டு நீக்கினார்கள், குவார்ட்டர்ஸிலிருந்து குடும்பங்களை வெளியேற்றினார்கள். நீக்கப்பட்டவர்களில் பலர் 1977-இல் ஆட்சி மாறிய பிறகே திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். உங்கள் கணக்குப்படி தாத்தா அப்போது ஐந்து பிள்ளைகளோடு குவார்ட்டர்ஸில் இருந்தவர், வயது 43. அந்த இருபது நாள் அவர் வேலைக்குப் போனாரா, வெளியே நின்றாரா? எது செய்திருந்தாலும் சுலபமாகச் செய்திருக்க முடியாது. வெளியே நின்றால் வீடு போகும். உள்ளே போனால் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க முடியாது. அப்பாவும் பெரியப்பாவும் அப்போது பள்ளிக்கூடப் பையன்கள், நிச்சயம் நினைவிருக்கும். அன்று கேட்ட கோரிக்கைகளில் ஒன்று போனஸ். அது 1979-இல் கிடைத்தது. ஆயுத பூஜைக்கு முன்னால் ரயில்வேக்காரர் வீடுகளுக்கு இன்றும் வரும் பணம் அதுதான். 1978-இல் அவர் சொந்த வீடு கட்டியதற்கும் 1974-இல் பட்ட பயத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. விசாரித்துப் பாருங்கள்.

இதையெல்லாம் சொல்ல ஆட்கள் இருக்கிறார்களா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறார்கள், அதுவும் ஒரு கொடுப்பினை. நான் வளர்ந்தது புளியந்தோப்புப் பக்கம். பி அண்ட் சி மில் 1996-இல் மூடியபோது ஒன்றாக வேலை செய்தவர்கள் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள். என் அப்பாவின் சிநேகிதர்களை நான் தேடியபோது கிடைத்தது இரண்டே பேர். உங்கள் தாத்தாவின் தொழிற்சாலையோ இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அறுபதுகளின் கடைசியில் அவருக்குக் கீழே தொழில் பழக வந்த பையன்களுக்கு இன்று எண்பதை ஒட்டி வயதிருக்கும். நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வங்கி வாசலில் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். தாத்தா பென்ஷன் வாங்கிய வங்கிக்கு அந்த மாதம் ஒரு காலை நேரம் அவர் புகைப்படத்தோடு போங்கள். அவர் பெயரைச் சொல்லி எழுந்திருக்க ஒருவராவது இருப்பார். வீட்டுப் பரணில் அத்தைகளின் கல்யாண மொய் நோட்டு இருந்தால் அதையும் இறக்குங்கள். யார் எவ்வளவு எழுதினார்கள் என்பதில் அவர் யாரோடெல்லாம் பழகினார் என்பது இருக்கும்.

பக்தியும் அப்படித்தான். ஷிப்டில் வேலை செய்த மனிதர் ஒரு சனிக்கிழமையும் விடாமல் கோவிலுக்குப் போனார் என்றால், தேவைப்பட்டபோதெல்லாம் அவருக்கு ஷிப்ட் மாற்றிக் கொடுத்த ஒரு நண்பர் இருந்திருக்கவேண்டும். பெருமாளுக்குச் சேரவேண்டியதில் அவருக்கும் பங்கு உண்டு. யார் அவர்?

இனி, போடவேண்டாம் என்று நீங்கள் ஒதுக்கிய விஷயத்துக்கு வருகிறேன். சின்ன அத்தையின் கல்யாணம் 1981. ஆறு வருடம் பேச்சு இல்லை. கூட்டினால் 1987. தாத்தா நீர்மோர் கொடுக்கத் தொடங்கியது எந்த வருடம் என்று உங்கள் கடிதத்தின் முதல் பத்தியை மறுபடி பாருங்கள்.

தற்செயலாக இருக்கலாம். ஆனால் சென்னகேசவப் பெருமாள் கோவிலில் புறப்பட்டு, யானைக்கவுனி தாண்டி, உங்கள் பகுதி வழியாக, கருட சேவைக்குத் திருமலை போய்ச் சேரும் குடைகள் வேண்டுதலோடு சம்பந்தப்பட்டவை என்பது நம் பக்கத்து ஜனங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மகள் வீட்டு வாசலை மிதிப்பதா வேண்டாமா என்று ஆறு வருடம் தனக்குள் மல்லுக்கட்டிய ஒரு தகப்பன், வழியில் போகிற ஊர் பேர் தெரியாத கூட்டத்துக்கு, யார் என்ன சாதி என்று கேட்காமல், சாகும்வரை மோர் ஊற்றியிருக்கிறார். மகளோடு மறுபடி பேசியதும் மோர் கொடுக்கத் தொடங்கியதும் ஒரே வருடத்தில் நடந்திருக்கின்றன. இதை வைத்துக்கொண்டு ‘பெரிய நிகழ்ச்சி எதுவும் இல்லை’ என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

பெரியப்பாவின் தயக்கம் எனக்குப் புரிகிறது. அப்பாவின் பெயருக்குக் குறை வரக்கூடாது என்ற பாசம் அது. ஆனால் அந்த ஆறு வருடத்தை எடுத்துவிட்டால், சாதியை விட்டு இறங்கிவந்த அந்த ஒரு நாளும் கூடவே போய்விடும். ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதர் அதுவரை நம்பி வந்ததை விட்டுக்கொடுத்து மகளிடம் போனது அவர் வாழ்க்கையிலேயே பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன். பெரியப்பாவிடம் இதைப் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் மலரில் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை உங்களுக்கும் கிடையாது, பெரியப்பாவுக்கும் கிடையாது, எனக்கு நிச்சயமாகக் கிடையாது. அந்த ஆறு வருடத்தைச் சுமந்தது அத்தை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தாய்வீடு இல்லாமல் இருந்தவர் அவர். அவர் வேண்டாம் என்றால் ஒரு வார்த்தையும் வேண்டாம். சரி என்றால் அவர் சொன்னபடி, அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். நீங்களாக மெருகு போடாதீர்கள்.

அதனால் மேலே நான் சொன்ன மற்ற வேலைகளெல்லாம் பிறகு. இந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போங்கள். தாத்தா முதன்முதலில் அங்கே வந்த அன்று யாரோடு வந்தார், கையில் என்ன கொண்டுவந்தார், முதலில் யார் பேசியது என்று கேளுங்கள். அவர் அழுதால் கேள்வியை நிறுத்திவிட்டுக் கூட உட்கார்ந்திருங்கள். எத்தனை பக்கம் வரும் என்று பெரியப்பா அவசரப்படுத்தினால், அத்தையைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று சொல்லுங்கள்.

அன்புடன்