மெனுவில் கலோரி போட வேண்டுமா, எப்படிக் கணக்குப் போடுவது?

கேள்வி: மதுரையில் 4 இடங்களில் டிபன் ஹோட்டல் நடத்துகிறோம். டெலிவரி ஆப்பில் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் கலோரி நிரப்பச் சொல்கிறார்கள். இது சட்டப்படி கட்டாயமா? ஆய்வகத்துக்கு அனுப்பினால் செலவு கட்டுப்படியாகாது. இணையத்தில் கிடைக்கும் எண்களைப் போட்டுவிடலாமா?

பதில்: முதலில் கட்டாயமா என்பதைப் பார்த்துவிடலாம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைகளில் உணவகங்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. 2022 ஜூலை 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. மத்திய உரிமம் வைத்திருப்பவர்களும், 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை உள்ளவர்களும் மெனுவில் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் எதிரே பரிமாறும் அளவையும் அதற்கான கிலோ கலோரியையும் போட வேண்டும். உங்களுக்கு 4 கிளைகள்தான். கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் உரிமத்தைப் பாருங்கள். அது மாநில உரிமம் என்றால் இந்தக் கட்டாயம் உங்களுக்குப் பொருந்தாது. விதி யாருக்குப் பொருந்துகிறதோ அவர்களிடம் இந்த விவரத்தை வாங்கித் தங்கள் தளத்தில் காட்டுவது ஆப் நிறுவனத்தின் கடமை. அதற்காக எல்லாருக்கும் ஒரே படிவத்தை நீட்டியிருப்பார்கள். காலியாக விடலாமா என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் போடுவதென்று முடிவு செய்தால், இணையத்து எண் மட்டும் வேண்டாம். அது யாரோ ஒருவருடைய பொங்கலின் கணக்கு. அவர் எவ்வளவு நெய் விட்டார் என்று உங்களுக்கும் தெரியாது, ஆப்புக்கும் தெரியாது.

ஆய்வகம் இல்லாமலே நம்பகமாகக் கணக்குப் போடலாம். ஒரு நல்ல எடை மெஷினும், ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையும் போதும். ஒரு எச்சரிக்கை: அந்த அட்டவணையில் ஆற்றல் கிலோ ஜூலில் இருக்கும். 4.184ஆல் வகுத்தால்தான் கிலோ கலோரி. இதைக் கவனிக்காமல் அப்படியே எடுத்து எழுதினால் இட்லி கூட பிரியாணி கணக்கில் வந்து நிற்கும்.

வெண்பொங்கலையே எடுத்துக்கொள்வோம். பச்சரிசி 1 கிலோ (சுமார் 3,560 கிலோ கலோரி), பாசிப்பருப்பு 250 கிராம் (815), நெய் 200 கிராம் (1,800), முந்திரி 50 கிராம் (290). மிளகு, சீரகத்தை விட்டுவிடலாம். மொத்தம் 6,465. தண்ணீருக்குக் கலோரி கிடையாது. ஆனால் அது எடையைக் கூட்டும். அதனால் இறக்கிய பிறகு பொங்கலின் எடையைப் பார்ப்பது அவசியம். 5.4 கிலோ வந்தது என்று வைத்துக்கொண்டால் 100 கிராமுக்கு 120 கிலோ கலோரி. நீங்கள் வைக்கும் பிளேட் 250 கிராம் என்றால் 300.

இந்த மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் நெய் என்பதைக் கவனியுங்கள். பரிமாறும்போது மாஸ்டர் மேலே இன்னொரு 15 கிராம் ஊற்றினால் 135 கூடி, 300 என்பது 435 ஆகிவிடும். அரிசி, பருப்பு அளவு யார் சமைத்தாலும் பெரிதாக மாறாது. எண்ணெயும் நெய்யும்தான் கைக்குக் கை மாறும். எனவே தோசைக் கல்லுக்கும் நெய்ச் சட்டிக்கும் அளவுக் கரண்டி போடாமல் கலோரி எண் போடுவதில் அர்த்தமில்லை. 4 கிளைகளிலும் ஒரே கரண்டியாக இருக்கட்டும். மாஸ்டர்கள் முணுமுணுப்பார்கள், சமாளித்துத்தான் ஆக வேண்டும்.

வடைக்கு வழி வேறு. சட்டியில் ஊற்றிய எண்ணெயை முதலில் எடை போடுங்கள், இடையில் சேர்த்ததையும் குறித்துக்கொள்ளுங்கள், கடைசியில் மிஞ்சியதைக் கழியுங்கள். 100 வடைக்கு 600 கிராம் குறைந்திருந்தால் வடைக்கு 6 கிராம், அதாவது 54 கிலோ கலோரி. அதோடு மாவின் கணக்கைச் சேர்த்தால் முடிந்தது. எண்ணெயின் சூடு குறைந்தால் வடை கூடுதலாகக் குடிக்கும் என்பதால் ஒரு நாள் கணக்கை நம்பாமல் சில ஈடுகள் பார்த்துச் சராசரி எடுங்கள்.

சாம்பார், சட்னிதான் நம் ஊர்த் தலைவலி. வாடிக்கையாளர் தானே எடுத்துக்கொள்ளும் இலவசத் தொடுகறிக்கு விதியிலேயே விலக்கு உண்டு. நம் ஹோட்டலிலோ சப்ளையர் வாளியோடு வந்து கேட்காமலே ஊற்றுவார். பார்சலில் இந்தக் குழப்பம் இல்லை, கப் அளவு நிலையானது. ஆப்பில் விற்பதும் பார்சல்தானே? அதனால் அங்கே கப்பையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். தேங்காய்ச் சட்னியை விட்டுவிட்டு இட்லிக்கு மட்டும் எண் போடுவது நேர்மையான கணக்கு இல்லை என்பது என் கருத்து.

சர்க்கரை நோயாளி இந்த எண்ணை வைத்து மட்டும் முடிவெடுக்க மாட்டார். அவருக்கு மாவுச்சத்து அளவும் தேவை. அதே அட்டவணையிலிருந்து அதையும் எடுத்து எழுதி வைத்துக்கொண்டால், கேட்பவருக்குச் சொல்லலாம். அதற்காக ‘டயட் தோசை’, ‘சுகர் பேஷண்ட் ஸ்பெஷல்’ என்றெல்லாம் பெயர் வைத்துவிடாதீர்கள். அப்படிச் சொல்லி விற்பதற்கு 2018ஆம் ஆண்டு விளம்பர விதிமுறைகள் தனியாக இருக்கின்றன.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: கலோரிக்கு முன்னால் ஒவ்வாமைப் பட்டியலைத் தயார் செய்யுங்கள். பெரிய சங்கிலி உணவகங்களுக்கு இதுவும் விதியில் உண்டு. உங்களுக்குக் கட்டாயம் இல்லாவிட்டாலும் ஆபத்து ஒன்றுதான். குருமாவில் அரைத்த முந்திரி, சட்னியில் நிலக்கடலை, பொங்கலில் நெய் என்று எழுதி வையுங்கள். பலரும் மறப்பது பெருங்காயம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு அல்லது மைதா கலந்திருக்கும். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒவ்வாதவரிடம் “சாம்பார்ல கோதுமை இல்லைங்க” என்று சப்ளையர் சொல்வதற்கு முன் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்திருக்க வேண்டும்.

எல்லா ஐட்டத்தையும் ஒரே வாரத்தில் முடிக்க நினைக்காதீர்கள். அதிகம் போகும் டிபன் வகைகளில் தொடங்குங்கள். ஒன்றிரண்டை மட்டும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்பி உங்கள் கணக்கோடு ஒப்பிட்டால் செலவும் கைக்குள் நிற்கும். அப்புறம், மாஸ்டரோ பார்சல் கப்போ மாறினால் எடை மெஷினை மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.