மட்டக்களப்பில் இருந்துகொண்டு ஜாஸ் சேர்ப்பது எதற்கு?

கேள்வி இதுதான்: ஒரு ஜாஸ் குழுகூட எட்டிப் பார்க்காத மட்டக்களப்பில் இருந்துகொண்டு பழைய ஜாஸ் பதிவுகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்களா? யூடியூபில் எல்லாம் கிடைக்கும்போது அது எதற்கு? புதிதாகக் கேட்பவர் எதில் தொடங்கலாம்?

இருக்கிறோம், கனபேர் இல்லை. நான் கல்லடிப் பக்கம். ஜாஸ் என்று சொன்னால் இங்கே பாதிப்பேர் பைலாவை நினைப்பார்கள், மிச்சப்பேர் கலியாண வீட்டில் சாக்ஸபோனில் வாசிக்கும் சினிமாப் பாட்டை நினைப்பார்கள். அதில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அந்த யூடியூப் கேள்விக்குத்தான் கொஞ்சம் நீட்டிப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜாஸில் பாட்டு ஒரு சாக்கு. பன்னிரண்டு பார் அல்லது முப்பத்திரண்டு பார் கொண்ட ஒரு சுற்று இருக்கும் (பார் என்றால் பெரும்பாலும் நாலு எண்ணிக்கை கொண்ட ஒரு தாளத் துண்டு). மெட்டை ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு, அந்தச் சுற்றையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு ஆளாளுக்குக் கற்பனை செய்வார்கள். கச்சேரியில் கற்பனாஸ்வரம் கேட்டுப் பழகியவருக்கு இது உடனே பிடிபடும். அதே ஆள் அதே பாட்டைத் திங்கட்கிழமை ஒரு மாதிரி வாசிப்பார், வெள்ளிக்கிழமை வேறு மாதிரி. அதனால் ஜாஸ் சேர்ப்பவன் சேர்ப்பதெல்லாம் இரவுகளைத்தான். யார் யார் வாசித்தார்கள், எந்த இடம், என்ன தேதி என்ற விவரம் இல்லாத பதிவு எனக்குப் பாதிப் பதிவு. யூடியூபில் முதலில் காணாமல் போவது அந்த விவரம்தான். யாரோ ஏற்றுவார், தேதி பிழையாக இருக்கும், டிரம்ஸ் வாசித்தவர் பெயரே இருக்காது, அடுத்த மாதம் பார்த்தால் வீடியோவையே தூக்கியிருப்பார்கள்.

எனக்கு இந்த வருத்தம் மாமாவிடமிருந்து தொற்றியது. அம்மாவின் அண்ணன். மைக்கல் கல்லூரியில் அமெரிக்க யேசுசபைப் பாதிரிமார் இருந்த காலத்தில் படித்தவர். அந்தப் பாதிரிமார் வந்தது நியூ ஓர்லியன்ஸ் மாகாணச் சபையிலிருந்து, அதாவது ஜாஸ் பிறந்த அதே ஊர். 1948 இல் வந்து 2017 இல் மட்டக்களப்பிலேயே கண்மூடிய ஹரி மில்லர் பாதிரியார் பிறந்ததும் நியூ ஓர்லியன்ஸில்தான். இதைக் கேட்டதும், அவர்கள்தான் இங்கே ஜாஸைக் கொண்டுவந்தார்கள் என்று எழுதிவிட யாருக்கும் கை துறுதுறுக்கும். மாமா அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. அவர்கள் கொண்டுவந்தது கூடைப்பந்து. ஆனால் ஒலிப்பதிவு ஆசை அவர்களில் ஒருவருக்கு இருந்தது: லாங் பாதிரியார் வாவிக்குள் ஒலிவாங்கியை இறக்கிப் பாடும் மீன்களின் சத்தத்தைப் பதிவு செய்தார், அது இலங்கை வானொலியிலும் போனது. எங்கள் ஊர்ப் பதிவு வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இரவு அது.

மாமாவுக்கு ஜாஸ் வந்தது சிற்றலையில். அமெரிக்காவின் குரல் வானொலியில் வில்லிஸ் கொனோவர் 1955 இலிருந்து 1996 இல் இறக்கும் வரை ஜாஸ் நிகழ்ச்சி நடத்தினார். டியூக் எலிங்டன் குழுவின் 'டேக் த ஏ டிரெயின்' தான் முகப்பு இசை. அவர் நிறுத்தி நிறுத்தி, ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவருக்கும் விளங்கும்படி பேசுவார். அந்த வானொலி தன் நாட்டு மக்களை நோக்கி ஒலிபரப்பக்கூடாது என்று அமெரிக்காவில் சட்டம் இருந்ததால், அமெரிக்கர்களுக்கே அவரைச் சரியாகத் தெரியாது. எண்பதுகளின் கடைசியில் பொழுது பட்டால் வெளியே தலை காட்ட முடியாத நாட்களில், கல்லடியில் ஒரு வீட்டுக்குள் அவரைத் தெரிந்திருந்தது.

சவூதியிலிருந்து வந்த ஒரு டூ இன் வன்னில், அதாவது ரேடியோவும் கசெட்டும் சேர்ந்த செட்டில், மாமா அதைப் பதிவு செய்வார். கசெட் கிடைப்பது கஷ்டம், விலையும் அதிகம். அதனால் கொனோவர் வாயைத் திறந்ததும் நிறுத்திவிட்டு, இசை தொடங்கியதும் மறுபடி அமத்துவார். நல்ல சிக்கனம்தான். ஆனால் வாசித்தவர்களின் பெயர், இடம், தேதி எல்லாம் அந்தப் பேச்சில்தானே இருந்தன. மாமா போன பிறகு அந்தக் கசெட் பெட்டி என்னிடம் வந்தது. அதில் உள்ள இரவுகளுக்குப் பெயர் தேடுவதுதான் என் சேகரிப்பின் தொடக்கம். தெரியாத டிரம்பட் ஒன்றை அலைச் சத்தத்துக்குள் கேட்டு, பல வருடம் கழித்து ஒரு சீடியில் அதே சுற்றைக் கண்டுபிடிக்கும்போது வரும் சந்தோஷத்தை எங்கள் வீட்டில் யாருக்கும் இன்னும் விளங்கப்படுத்த முடியவில்லை.

மாமாவை விடப் பெரிய சிக்கனக்காரர் ஒருவரும் இருந்திருக்கிறார். டீன் பெனடெட்டி, தானும் சாக்ஸபோன்காரர். 1947, 48 இல் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கர் வாசிக்கும் கிளப்புகளுக்கு மெஷினோடு போய்ப் பதிவு செய்தார். பார்க்கர் வாசித்து முடித்ததும் மெஷினை நிறுத்திவிடுவார். மற்றவர்கள் வாசித்தது அவருக்குத் தேவைப்படவில்லை. அந்தப் பதிவுகள் 1990 இல்தான் வெளியாயின. கேட்டால் தலை சுற்றும்: ஒரு பெரிய கலைஞனின் துண்டுகள், முன்னும் இல்லை பின்னும் இல்லை. இருந்தும் இல்லாததை விட எவ்வளவோ மேல். அந்தக் காலத்துப் பத்து அங்குல அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் பிடிக்கும். 1948 இல் நீண்ட நேரம் ஓடும் எல்பி தட்டு வரும்வரை, கிளப்பில் அரை மணித்தியாலம் வாசித்தவரும் தட்டுக்காக மூன்று நிமிடத்தில் சுருட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. பெனடெட்டி மாதிரிப் பைத்தியங்கள்தான் அந்த அரை மணித்தியாலத்தில் கொஞ்சத்தையாவது நமக்கு விட்டுப் போனார்கள்.

தொலைந்த இரவு திரும்பி வருவதும் உண்டு. பியானோக்காரர் தெலோனியஸ் மங்கும் சாக்ஸபோன்காரர் ஜோன் கொல்ட்ரேனும் சேர்ந்து வாசித்த 1957 ஆம் ஆண்டில், அவர்களின் பதிவுகள் மிகக் குறைவு. அந்த வருடம் நவம்பர் 29 அன்று நியூயோர்க் கார்னகி ஹோலில் நடந்த கச்சேரியை அமெரிக்காவின் குரல்காரர்கள் பதிவு செய்திருந்தார்கள். நாடாக்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஒருவரும் கவனிக்காமல் கிடந்து, 2005 இல் அகப்பட்டு, அதே வருடம் இசைத்தட்டாக வந்தன. டொரொன்டோவில் இருக்கும் மச்சான் அனுப்பி வைத்தார். மாமா கேட்ட அதே வானொலியின் நாடா என்பதால் அந்தச் சீடிக்கு என் அலுமாரியில் தனி மரியாதை.

இன்னொன்று சொல்ல வேண்டும், சங்கீதம் படித்தவர்களுக்கு இது பிடிக்கும். டிரம்பட்காரர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஒஃப் ப்ளூ' தட்டு 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என இரண்டு நாளில் பதிவானது. மார்ச் 2 அன்று மாஸ்டர் நாடாவைப் பதிந்த மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறிவிடும். எல்பியின் முதல் பக்கத்து மூன்று பாட்டும் இப்படி அரைக் கட்டைக்கும் குறைவாகச் சுருதி ஏறியபடியே முப்பது வருடத்துக்கு மேல் விற்றன. 1992 இல்தான் திருத்திய பதிப்பு வந்தது. தங்கச்சியின் மகள் கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் வாய்ப்பாட்டுப் படித்தவள். மாமாவின் கசெட்டையும் என் சீடியையும் அடுத்தடுத்துப் போட்டபோது, போனில் சுருதியை வைத்துவிட்டு, "மாமா, இது ரெண்டும் ஒண்டில்லை" என்றாள். அந்தப் பக்கத்து முதல் பாட்டு 'சோ வட்' கிட்டத்தட்டக் கரகரப்பிரியாவின் சுரங்களில் போகும், நடுவில் எட்டு பாருக்கு மட்டும் அப்படியே அரைக் கட்டை ஏறி, மறுபடி இறங்கும். அவளுக்கு அந்த ஏற்றம் சகிக்கவில்லை. எனக்கு அந்த இடம்தான் உயிர்.

தாளக்காரர்கள் பியானோக்காரர் டேவ் புரூபெக்கைக் கேளுங்கள். 1958 இல் கொழும்பிலும் வாசித்துவிட்டுப் போனவர். அடுத்த வருடம் வந்த 'டைம் அவுட்' தட்டில் ஐந்து எண்ணிக்கைப் பாட்டு ஒன்று, தகிட தக என்று போகும். ஒன்பது எண்ணிக்கைப் பாட்டு ஒன்று, தக தக தக தகிட. அதை அவர் எடுத்தது இஸ்தான்புல் தெருவில் கேட்ட தாளத்திலிருந்து. 1963 இல் எலிங்டனும் தன் முழுக் குழுவோடு இலங்கை வந்தார். இரண்டையும் பார்க்க நான் பிறந்திருக்கவில்லை, மாமாவிடம் கொழும்புக்குப் போகக் காசிருக்கவில்லை.

நேரில் கேட்பது பற்றி. கொழும்பில் பிரெஞ்சு, ஜெர்மன் கலாசார நிலையங்கள் இடைக்கிடை வெளிநாட்டுக் குழுக்களைக் கூட்டி வரும். இரவு ரயிலில் போய், கேட்டுவிட்டு, அடுத்த இரவு ரயிலில் திரும்புவேன். கசெட்டில் டபுள் பேஸ் என்ற அந்த ஆளுயரத் தந்தி வாத்தியம் ஒரு வதந்தி. நேரில் அது கதிரைக்குள்ளால் ஏறி முதுகில் தட்டும். மாமாவின் நாடாவில் வெறும் இரைச்சலாகக் கேட்ட சிம்பல், நேரில் பார்த்தால் முழுக் குழுவையும் நடத்திக்கொண்டு போகிறது. சுற்று முடியப்போகிறது என்று பியானோக்காரர் தலையைத் திருப்புவதை எந்தப் பதிவும் காட்டாது. நேரில் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பழைய நாடாவைப் போட்டால் அதிலும் பேஸ் கேட்கத் தொடங்கும், இது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். ஹோட்டல் லொபியில் புபே சாப்பாட்டுக்குப் பக்கவாத்தியமாக வாசிக்கப்படும் ஜாஸும் கேட்டிருக்கிறேன், அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

கோப்பைச் சத்தம் என்றால் அதற்கும் ஒரு மரியாதை உண்டு. 1961 ஜூன் 25, ஞாயிறு, நியூயோர்க்கின் வில்லேஜ் வன்கார்ட் கிளப்பில் பியானோக்காரர் பில் எவன்ஸின் மூவர் குழு வாசித்த பதிவில் கோப்பை முட்டுவதும் ஆட்கள் கதைப்பதும் தெளிவாகக் கேட்கும். பேஸ் வாசித்த ஸ்கொட் லஃபாரோ ஜூலை 6 இல் வாகன விபத்தில் இறந்துபோனார், வயது 25. முன்னால் இருந்து கதைத்தவர்களுக்கு என்ன தெரியும்?

நேரில் கேட்கும் பசிக்குக் கொழும்பு மட்டும்தான் வழி என்றில்லை. நம்மூர்க் கூத்துக் களரியில் விடியும் வரை இருந்து பாருங்கள். வடமோடிக் கூத்தில், கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தைக் கூத்தரின் காலைப் பார்த்துத்தான் அடிக்கிறார். ஆட்டக்காரர் இன்னொரு சுற்று ஆட நினைத்தால் மத்தளம் கூடவே போகும், பிற்பாட்டுக்காரர் பிடித்துக்கொள்வார். டிரம்ஸ்காரரை எப்படிக் கேட்பது என்று எனக்குப் படிப்பித்தது அந்தக் களரிதான். இப்போது போகும் கூத்துக்கெல்லாம் ஒரு சின்ன ரெக்கோடர் கொண்டுபோகிறேன். முதலில் ஊர், தேதி, அண்ணாவியார், மத்தளம், சல்லரி, பிற்பாட்டு என்று பெயரெல்லாம் என் குரலில் சொல்லிவிட்டுத்தான் மிச்சம். பிள்ளை அழுவதையும் கடலைக்காரனையும் வெட்டுவதில்லை.

பராமரிப்பு பற்றிச் சுருக்கமாக. கல்லடி கடலுக்கும் வாவிக்கும் நடுவில், மாரியில் எல்லாம் பூஞ்சணம் பிடிக்கும். தட்டுகளை நிமிர்த்தி அடுக்குங்கள், ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்க வைக்காதீர்கள். எல்பியைக் காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி பாத்திர சோப் விட்டுக் கழுவலாம். பழைய அரக்குத் தட்டில் மட்டும் ஸ்பிரிட் படவே கூடாது, அரக்குக் கரைந்துவிடும். கசெட்டைப் போடுமுன் ஒருமுறை முழுதாகச் சுற்றிவிடுங்கள், உடனே கணினியில் ஏற்றுங்கள். சுனாமி இந்தக் கரையில் கொண்டுபோனதற்குப் பக்கத்தில் கசெட் ஒரு கணக்கில்லை, அதனால் அந்தக் கதை வேண்டாம்.

சரி, எதில் தொடங்குவது? பெரிய பட்டியல் வேண்டாம். ஒரு பாட்டை எடுத்து இரண்டு இரவுகளில் கேளுங்கள். கொல்ட்ரேனின் 'மை ஃபேவரிட் திங்ஸ்' நல்லது. 1960 ஒக்டோபரில் ஸ்டூடியோவில் வாசித்தது பதினாலு நிமிடத்துக்கு உள்ளே, யாருக்கும் பிடிக்கும், மெட்டு வந்து வந்து போகும். அது பழகிய பிறகு 1966 ஜூலையில் டோக்கியோவில் வாசித்ததைக் கேளுங்கள். ஜிம்மி கரிசனின் பேஸ் மட்டும் தனியாக நீண்ட நேரம் போகும், பிறகு மெட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும், மொத்தம் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அடுத்த ஜூலையில் அவர் உயிரோடு இல்லை. முதலாவதை எங்கள் வீட்டில் குசினியில் வேலை நடக்கும்போதும் போடலாம், ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இரண்டாவதற்கு மனுசி கோயிலுக்குப் போகும் வெள்ளிக்கிழமைதான்.