லார்சனை 17 நகர்த்தல்களில் சாய்த்த சிப்பாய்

பட்டம் எதுவும் பணயத்தில் இல்லாத, நட்பு முறையிலான சர்வதேசப் போட்டிகளில் பிடித்த செஸ் ஆட்டம் எது என்று கேட்டிருக்கிறீர்கள். யோசிக்காமல் சொல்வேன்: 1970, பெல்கிரேட், லார்சன் – ஸ்பாஸ்கி, இரண்டாவது சுற்று.

சோவியத் யூனியனும் உலகின் மற்ற நாட்டு வீரர்கள் சேர்ந்த அணியும் மோதிய போட்டி அது. 10 பலகைகள், 4 சுற்றுகள். அணியின் முதன்மை வீரர் ஆடும் முதல் பலகை தனக்குத்தான் என்று டென்மார்க்கின் பென்ட் லார்சன் உறுதியாக நின்றார். பாபி ஃபிஷரே விட்டுக்கொடுத்து இரண்டாவது பலகைக்குப் போனார். லார்சனுக்கு எதிரே அப்போதைய உலக சாம்பியன் போரிஸ் ஸ்பாஸ்கி.

வெள்ளையில் ஆடிய லார்சன் சிப்பாயை பி3-க்குத் தள்ளித் தொடங்கினார் (எழுத்து நெடுக்கு வரிசையையும் எண் குறுக்கு வரிசையையும் குறிக்கும்). ஒரே குதிரையை மூன்று முறை நகர்த்தி வெட்டுக்கொடுத்ததில் நேரம் போனது. ராஜா நடுவிலேயே நின்றது. 10-வது நகர்த்தலாக எஃப்4 ஆடியதும் ராஜா பக்கம் பலவீனமானது. ஸ்பாஸ்கி உடனே குதிரையை ஜி4-க்குக் கொண்டுவந்தார். அதை விரட்ட லார்சன் எச்3 ஆட, ஸ்பாஸ்கி குதிரையைத் தொடவே இல்லை. எச் வரிசையில் இருந்த தன் சிப்பாயை இன்னொரு கட்டம் தள்ளினார். குதிரை போனது, சிப்பாய் வெட்டிக்கொண்டு ஜி3-க்கு வந்தது.

அப்புறம்தான் அந்த 14-வது நகர்த்தல். சிப்பாய் ஜி2-க்கு இறங்காதபடி ஜி1-ல் வெள்ளை யானை காவல் நிற்கிறது. ஸ்பாஸ்கி தன் யானையை எச்1-ல், அதன் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தார். வெட்டாவிட்டால் காவல் யானை செக்கோடு பறிபோகும். வெட்டினால் காவல் விலகும். லார்சன் வெட்டினார். சிப்பாய் ஜி2-க்கு வந்து அந்த யானையையே தாக்கியது, அடுத்து ராணி எச்4-ல் செக். 17-வது நகர்த்தலில் சிப்பாய் யானையை வெட்டி, கடைசி வரிசையை எட்டி ராணியாக மாற, லார்சன் ஆட்டத்தைக் கைவிட்டார்.

யானைப் பலியைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அந்தச் சிப்பாய்தான் பெரிது. கறுப்பின் கடைசி 7 நகர்த்தல்களில் 5 அதனுடையவை! லார்சனின் ராணிப் பக்க யானையும் குதிரையும் கடைசிவரை இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை.

லார்சனையும் இதோடு எடைபோட்டுவிடக் கூடாது. அடுத்த சுற்றிலேயே அதே ஸ்பாஸ்கியை வென்றார். கடைசிச் சுற்றில் ஸ்பாஸ்கிக்குப் பதிலாக வந்த லியோனிட் ஸ்டெயினையும் வென்றார். அவருடைய அணி 19.5–20.5 என்று தோற்றாலும், முதல் பலகையில் 2.5–1.5 லார்சனுக்கே.