ஸ்பெயின் பிரதமர் கனலேஹாஸ் யார், அவரை ஏன் நினைவுகூர வேண்டும்?

ஹோசே கனலேஹாஸ் 1854-இல் ஃபெரோல் நகரில் பிறந்தவர்; வழக்கறிஞர், தாராளவாதக் கட்சிக்காரர். 1910-இல் பிரதமரானார். அந்த ஆண்டே ‘பூட்டுச் சட்டம்’ கொண்டுவந்தார்: அரசின் அனுமதியில்லாமல் புதிய கத்தோலிக்கத் துறவு சபைகள் இரண்டு ஆண்டுகளுக்கு நாட்டில் காலூன்ற முடியாது. இத்தனைக்கும் அவர் கத்தோலிக்க நம்பிக்கை உள்ளவர்தான்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, 1911-இல் ‘கொன்சூமோஸ்’ வரியை ஒழித்தது. ஏழை வாங்கும் உணவுப் பொருள், எண்ணெய் மீதெல்லாம் விழுந்த வரி அது. ஆனால் 1912-இல் வேலைநிறுத்தம் செய்த ரயில்வே தொழிலாளர்களை ராணுவக் கட்டுப்பாட்டில் கொண்டுவந்து அடக்கினார். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதே ஆண்டு நவம்பர் 12. மாட்ரிட்டின் புவெர்த்தா தெல் சோல் சதுக்கத்தில், ஒரு புத்தகக் கடையின் கண்ணாடி முன் நின்று புத்தகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பர்தீன்யாஸ் என்ற அராஜகவாதி (அரசு என்ற அமைப்பே கூடாது என்ற கொள்கைக்காரன்) அங்கேயே அவரைச் சுட்டுக் கொன்றான்.