பழைய பாட்டு, புது உறை

கேள்வி: மான்செஸ்டர் குழுவான தி ஸ்மித்ஸின் 'ஹேட்ஃபுல் ஆஃப் ஹாலோ' ஆல்பத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். விசாரித்தால், சிங்கிளாகவும் (முன்னும் பின்னும் ஓரிரு பாட்டு மட்டும் உள்ள தட்டு) வானொலியிலும் ஏற்கெனவே வந்த பாட்டுகளைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பாம் அது! ஒரே பாட்டுக்கு ரசிகனிடம் இரண்டு முறை காசு வாங்கும் வேலைக்கு நீங்களும் ஜால்ரா போடலாமா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: இந்தத் தொகுப்புக்குத் தாராளமாகப் போடுவேன். நீங்கள் கோபப்பட வேண்டிய தொகுப்புகள் வேறு இருக்கின்றன. அவையும் இதே குழுவின் பெயரில் வந்தவைதான். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

1984 நவம்பரில் ரஃப் டிரேட் என்ற இசைக் கம்பெனி வெளியிட்ட இந்த இசைத்தட்டில் 16 பாட்டுகள். உறையின் மேலேயே '3.99 பவுண்டுக்கு மேல் கொடுக்காதீர்கள்' என்று அச்சடித்திருந்தார்கள். ரசிகனின் பாக்கெட்டில் கைவிட நினைப்பவர்கள் செய்கிற காரியமா இது?

இரண்டு முறை காசு என்கிறீர்கள். சிங்கிளாக வந்த பாட்டை ஆல்பத்தில் சேர்க்காமல் விடுவது அன்று பல பிரிட்டிஷ் குழுக்களின் வழக்கமாக இருந்ததே அதைத் தவிர்க்கத்தான். நல்ல எண்ணம்தான், ஆனால் அதில் ஒரு சங்கடம் உண்டு. சிங்கிள் சில வாரம் கடையில் இருக்கும், அப்புறம் காணாமல் போய்விடும். அன்று தவறவிட்டவருக்குப் பாட்டும் போச்சு. 1984 மே மாதம் வந்து பிரிட்டனில் 10ஆம் இடம் பிடித்த 'ஹெவன் நோஸ் ஐ’ம் மிஸரபிள் நவ்' அவர்களுடைய எந்த ஸ்டுடியோ ஆல்பத்திலும் கிடையாது. தொகுப்பு இல்லாவிட்டால் அதை எங்கே போய்த் தேடுவீர்கள்?

'ஹவ் சூன் இஸ் நவ்?' பட்ட பாடு இன்னும் மோசம். அதன் தொடக்கத்தில் அலை மாதிரி ஏறி இறங்கி அதிர்கிறதே ஒரு கிதார், அதற்காகக் குழுவின் கிதார் கலைஞர் ஜானி மாரும் தயாரிப்பாளர் ஜான் போர்ட்டரும் நான்கு ஆம்ப்ளிஃபயர்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆளுக்கு இரண்டு. அதிர்வு தாளத்தோடு ஒட்டி ஓடும்படி குமிழைத் திருகிக்கொண்டே இருப்பது, விலகினால் டேப்பை நிறுத்திப் பின்னால் ஓட்டி மறுபடி தொடங்குவது. கணினி வைத்துச் சரிக்கட்டும் வசதியெல்லாம் அங்கே இல்லை. கிட்டத்தட்ட ஏழு நிமிடம் ஓடும் அந்தப் பாட்டை என்ன செய்தார்கள் தெரியுமா? வேறொரு பாட்டுக்காக வந்த 12 அங்குல சிங்கிளின் பின்பக்கத்தில் போட்டார்கள்! அநியாயம் என்றால் அதுதான். அதை அங்கிருந்து எடுத்து ஆல்பத்தில் வைத்தது 'ஹேட்ஃபுல்'. தனி சிங்கிளாக முன்பக்கம் ஏறியதே 1985 ஜனவரியில்தான்.

வானொலிப் பதிவுகளையும் ஏதோ மிச்சம் மீதி போலச் சொல்கிறீர்கள். பிபிசி ஒரு நாளில் இவ்வளவு நேரம்தான் இசைத்தட்டு ஓட்டலாம் என்று அந்தக் காலத்தில் வரம்பு இருந்தது; இசைக்கலைஞர் சங்கம் வேலை பறிபோகும் என்று போராடி வாங்கிய வரம்பு. மிச்ச நேரத்தை நிரப்பக் குழுக்களைக் கூப்பிட்டு ஒரே நாளில் நாலு பாட்டு பதிவு செய்து ஒலிபரப்புவார்கள். நகாசு வேலைக்கு நேரமே இருக்காது. ஸ்மித்ஸுக்கு அதுவே நல்லதாகப் போயிற்று. முதல் ஆல்பத்தை ஒரு தயாரிப்பாளரோடு பதிவு செய்து, தூக்கிப் போட்டு, இன்னொருவரோடு மறுபடி பதிவு செய்தார்கள். கேட்டால் அந்த அலுப்பு தெரிகிறது என்பது என் கட்சி. 'ரீல் அரவுண்ட் தி ஃபவுண்டன்' அதில் பியானோ, ஆர்கன் எல்லாம் வைத்து வருகிறது. 'ஹேட்ஃபுல்'லில் இருப்பது பிபிசி வானொலித் தொகுப்பாளர் ஜான் பீலின் நிகழ்ச்சிக்காக 1983இல் வாசித்தது; அதில் குழுவின் நாலு பேர் மட்டும்தான், உயிர் அதில்தான் இருக்கிறது. 'பேக் டு தி ஓல்ட் ஹவுஸ்' சிங்கிளின் பின்பக்கத்தில் முழுக் குழுவோடு ஓடும். 'ஹேட்ஃபுல்'லில் மாரின் கிதாரும் பாடகர் மொரிஸியின் குரலும் மட்டுமே. இரண்டையும் கேட்டுவிட்டு ஒரே பாட்டுதானே என்று எனக்கு எழுதுங்கள்.

சரி, மோசடிக்கு வருவோம். 1987இல் பிரிட்டனுக்கு 'தி வேர்ல்ட் வோன்ட் லிசன்', அமெரிக்காவுக்கு 'லௌடர் தேன் பாம்ஸ்' என்று இரண்டு தொகுப்புகள் வந்தன. 'பேனிக்', 'ஆஸ்க்' இரண்டிலும் உண்டு. அமெரிக்க ரசிகருக்கு 'லௌடர்' தேவைப்பட்டது, ஏனென்றால் 'ஹேட்ஃபுல்' அன்று அங்கே வெளியாகவே இல்லை. அதே தட்டைப் பிரிட்டனிலும் விற்றார்கள் பாருங்கள், அங்கேதான் இடறியது. எல்லாவற்றையும் வாங்கிய பக்தரிடம் 'ப்ளீஸ், ப்ளீஸ், ப்ளீஸ்' என்ற பாட்டு சிங்கிளின் பின்பக்கம், 'ஹேட்ஃபுல்', 'லௌடர்' என்று மூன்று முறை சேர்ந்துவிட்டது. அதே ஆண்டு வந்த கடைசி ஆல்பத்தில், இறந்த பாடகனின் பாட்டுகளை உறை மாற்றி மாற்றி விற்கும் கம்பெனியை மொரிஸி ஒரு பாட்டு முழுக்கக் கிழித்திருக்கிறார். 1991இல் ரஃப் டிரேட் நொடித்தது, பாட்டுகள் வார்னர் என்ற பெரிய இசைக் கம்பெனியின் கைக்குப் போயின. 1992இல் 'பெஸ்ட்' இரண்டு பாகம், 1995இல் 'சிங்கிள்ஸ்', 2001இல் 'வெரி பெஸ்ட்', 2008இல் இன்னொன்று. முதல் 'பெஸ்ட்' பிரிட்டனில் முதலிடமே பிடித்தது. உங்கள் கோபத்தை இந்த வரிசை மீது காட்டுங்கள், நானும் கூட வருகிறேன்.

காசு கொடுத்து வாங்குவதானால் 'ஹேட்ஃபுல்'லும் 'வேர்ல்ட் வோன்ட் லிசன்'னும் போதும். 'ஷீலா டேக் எ பௌ' மாதிரி சில பாட்டுகள் கிடைக்காது. அதற்காக மட்டும் 'லௌடர்' வாங்க வேண்டாம். அந்தச் சில பாட்டுகளை இணையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.