டெட்டால் போதாதா, டாக்டர்?

கேள்வி: என் அம்மாவுக்கு 66 வயது, இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உண்டு. அடுத்த வாரம் பினாங்கில் முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன். முதல் நாள் இரவும் அன்று காலையும் குளிக்கச் சொல்லி ரோஸ் நிற மருந்து ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவோ, "மஞ்சள் தேய்த்துக் குளித்துவிட்டு டெட்டால் தண்ணீர் ஊற்றிக்கொண்டால் போதாதா?" என்கிறார். கால் முடியை வீட்டிலேயே மழித்து அனுப்பவா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: கடைசிக் கேள்விதான் அவசரம். ரேசரைத் தொடாதீர்கள். மழித்த தோல் வழவழவென்று இருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் அதில் ஏராளம். கிருமி அங்கே குடியேற ஓர் இரவு போதும். நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது முந்திய நாள் மாலையே வார்டில் பிளேடு போட்டு மழித்து வைப்போம். இப்போது நினைத்தால் கூசுகிறது. முடியை எடுக்கவே வேண்டாம், எடுத்தே ஆகவேண்டுமென்றால் தோலைக் கீறாமல் முடியைக் கத்தரிக்கும் கிளிப்பரால் மட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் சொல்லிவிட்டது. தேவைப்பட்டால் ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்வார்கள்.

அந்த ரோஸ் மருந்து பெரும்பாலும் 4% குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியாக இருக்கும், லேபிளைப் பாருங்கள். தோலில் ஒட்டிக்கொண்டு பல மணி நேரம் வேலை செய்வது அதன் சிறப்பு. முதலில் வழக்கமான சோப்பு, ஷாம்பு போட்டு நன்றாக அலசிவிட வேண்டும். சோப்பு மிச்சமிருந்தால் மருந்தின் வீரியம் போய்விடும். பிறகு தண்ணீரை நிறுத்திவிட்டு, கழுத்துக்குக் கீழே பூசுங்கள். அக்குள், தொடை இடுக்கு, வயிற்று மடிப்பு, கால்விரல் இடுக்கு எதையும் விடாதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் கழித்து அலசலாம். கண், காதுக்குள் போகக்கூடாது. முன்பு இதே மருந்தால் தடிப்போ மூச்சுத் திணறலோ வந்திருந்தால் பாட்டிலைத் திறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

குளித்தபின் துவைத்த டவல், துவைத்த உடை, துவைத்த படுக்கை விரிப்பு. பவுடர், கிரீம், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். (அந்த டவலைக் குளோரின் பிளீச்சில் ஊறப்போடாதீர்கள். பழுப்புக் கறை விழும், போகவே போகாது.)

மஞ்சள்? அம்மா கோபித்துக்கொள்ளட்டும், இந்த ஒரு வாரம் வேண்டாம். காலெல்லாம் மஞ்சள் பூத்திருந்தால் தோல் சிவந்திருப்பது எங்கள் கண்ணுக்குத் தெரியாது. வாளித் தண்ணீரில் இரண்டு மூடி டெட்டால் ஊற்றினால் வாசனைதான் மிச்சம். நேராகப் பூசினாலோ தோல் எரியும்.

ஒளிக்காமல் ஒன்று சொல்கிறேன். இந்த மருந்துக் குளியல் சாதாரண சோப்புக் குளியலைவிடத் தொற்றைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் தெளிவாக நிரூபிக்கவில்லை. குளிப்பது அவசியம், எதைப் போட்டு என்பது இரண்டாம் பட்சம். கொடுத்ததைப் பயன்படுத்துங்கள், பாட்டில் கொட்டிப்போனால் பதற வேண்டாம். கத்தி வைப்பதற்கு முந்திய 2 மணி நேரத்துக்குள் போடும் ஆன்டிபயாடிக் ஊசி, அறுவை அறையில் தோலில் தடவும் ஆல்கஹால் கலந்த மருந்து, கட்டுக்குள் இருக்கும் சர்க்கரை ஆகியவற்றுக்குத்தான் அதிகப் பங்கு. உள்ளே வைத்த உலோகத்தில் கிருமி படிந்துவிட்டால் மருந்து எளிதில் எட்டாது. சிலருக்கு மூட்டையே கழற்ற நேரிடும்.

அதனால் இன்றிரவே அம்மாவை உட்காரவைத்து, டார்ச் அடித்துக் கால்விரல் இடுக்குகளையும் குதிகாலையும் பாருங்கள். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு அங்கே புண் இருந்தாலும் வலிக்காமல் போகலாம். சேற்றுப்புண், வெடிப்பு, சீழ் எது தெரிந்தாலும் நாளைக் காலையே ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்கள். தேதி தள்ளிப்போனாலும் பரவாயில்லை.